தீவை விட்டுவிட்டு வந்த விமானம்

அந்தக் கேட்ரிட்ஜின் மேல் ஒட்டிய தாளில் 9999999 ஆட்டங்கள் இருப்பதாக அச்சடித்திருந்தார்கள். உள்ளே இருந்தவை பத்துப் பன்னிரண்டுதான். அவையே வேறு வேறு எண்களில் திரும்பத் திரும்ப வந்தன. பழவேற்காட்டின் உப்புக் காற்றுக்கு எதுவும் தப்பாது. கேட்ரிட்ஜின் செம்புப் பற்களில் அடிக்கடி பச்சைக் களிம்பு ஏறிவிடும். ரப்பரால் தேய்த்து, சட்டை நுனியால் துடைத்து, இரண்டு முறை ஊதிச் செருகினால் டிவியில் கோடு கோடாக ஓடி, பிறகு பட்டியல் தெரியும். அதில் ஒரு வரி மேக்ராஸ். மெட்ராசுக்குத் தம்பி ஊர் போலிருக்கிறது என்று எங்களில் ஒருவன் சொன்னான். வேறு விளக்கம் சொல்ல ஆள் இல்லாததால் பல ஆண்டுகள் அதுவே நிலைத்தது.

ஆட்டம் எளிது. கறுப்பு வானம், நட்சத்திரப் புள்ளிகள், இடமிருந்து வலமாகப் பறக்கும் ஒரு போர் விமானம். பொத்தானைத் தட்டினால் விமானத்துக்குக் கால் முளைக்கும். மறுபடி தட்டினால் முழு ரோபோவாக நிமிரும். விமானமாக இருக்கும்போது வேகம், ரோபோவானால் நிதானம். இரண்டுக்கும் நடுவில் உள்ள உருவம்தான் எங்களுக்குப் பிடித்தது: விமான உடல், பின்பக்கமாக மடங்கும் முழங்கால்கள். பழவேற்காடு ஏரியில் பூநாரைகளைப் பார்த்து வளர்ந்தவர்கள் அதற்கு என்ன பெயர் வைப்பார்கள்? நாரை என்றோம். எதிரியின் தாய்க்கப்பலுக்குள் நுழைந்து அதன் மையக் கணினியை அழித்தால் கதை முடியும். முடிந்ததும் ஆட்டம் தலையிலிருந்து தொடங்கும். பின்னணியில் ஒரே மெட்டு, துள்ளலாக, நிற்காமல்.

ரிமோட் ஒன்றுதான் வேலை செய்தது என்பதால் சண்டை வரும். "டேய், உன் பாடு முடிஞ்சிடுச்சு, குடுடா" என்றுதான் கேட்போம். பழவேற்காட்டில் பாடு என்பது வெறும் முறை இல்லை. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் ஆகிய மூன்று ஊர்களும் ஏரியின் இறால் பிடிக்கும் இடங்களைத் தங்களுக்குள் சுழற்சியில் பிரித்துக்கொள்ளும் பழைய ஏற்பாட்டுக்குப் பாடு என்று பெயர். நல்ல இடம் எப்போதும் ஒருவருக்கே போய்விடக் கூடாது என்பதற்காகப் பெரியவர்கள் வைத்திருந்த சொல்லை நாங்கள் டிவி முன்னால் பயன்படுத்தினோம்.

அந்த ஆட்டம் ஜப்பானில் 1985 டிசம்பரில் நின்டெண்டோவின் ஃபாமிகாம் கருவிக்காக வெளிவந்தது. செய்தது நாம்கோ, வெளியிட்டது பண்டாய். அது ஒரு தொலைக்காட்சித் தொடரின் தழுவல் என்பதே எனக்கு வெகுகாலம் கழித்துத்தான் தெரியும். 1982 அக்டோபர் முதல் 1983 ஜூன் வரை 36 பகுதிகளாக ஓடிய அந்தத் தொடரை நோபோரு இஷிகுரோ இயக்கினார். கருவை உருவாக்கியது ஸ்டூடியோ நுவே. அமெரிக்கக் கடற்படையின் எஃப்-14 விமானத்தை ஒத்த, ரோபோவாக மாறும் அந்த 'வால்கிரி'யை வடிவமைத்த ஷோஜி கவாமோரிக்கு அப்போது வயது 22. பொம்மைக் கம்பெனிகளின் பணத்தில்தான் இத்தகைய தொடர்கள் பிழைத்தன. மேக்ராஸின் பொம்மைகளைச் செய்த டகடோகு நிறுவனம் நொடித்துப்போக, அச்சுகள் பண்டாய் கைக்குப் போயின. அதே வால்கிரி பொம்மை அமெரிக்காவில் டிரான்ஸ்ஃபார்மர்ஸ் வரிசையில் ஜெட்ஃபயர் என்ற பெயரில் விற்கப்பட்டது. பெயர் மாறித் திரிவது இந்த விமானத்தின் தலையெழுத்துப் போலும்.

எங்கள் ஊர்வரை அது எப்படி வந்தது என்பதற்குக் காரணம் தொழில்நுட்பத்திலும் உண்டு, வரியிலும் உண்டு. 1983இல் ஜப்பானில் வந்த ஃபாமிகாமில், கேட்ரிட்ஜ் அசலா நகலா என்று சோதிக்கும் சில்லு கிடையாது; பிறகு அமெரிக்காவுக்குப் போன கருவியில்தான் அந்தப் பூட்டைப் போட்டார்கள். பூட்டில்லாத கருவியைப் பார்த்து தைவானிலும் சீனாவிலும் நகல்கள் பெருகின. இந்தியாவில் சாமுராய், மீடியா, லிட்டில் மாஸ்டர் என்ற பெயர்களில் அந்தக் குடும்பத்துக் கருவிகள் கிடைத்தன. முறையாக வந்த கருவியின் விலையோடு ஒப்பிட்டால் விஷயம் விளங்கும். 80 சதவீத இறக்குமதி வரியைத் தவிர்ப்பதற்காக 1995இல் ஷா வாலஸ் நிறுவனத்தோடு கூட்டுச் சேர்ந்து செகா தன் மெகா டிரைவை இங்கே விற்றது. அப்படியும் விலை 18,000 ரூபாய். கட்டுமரத்துக்கு எஞ்சின் மாட்டலாமா என்று கணக்குப் போடும் வீட்டில் அது நடக்கிற காரியமா? பர்மா பஜாரிலிருந்தும் ரிச்சி தெருவிலிருந்தும் யாரோ ஒருவர் வாங்கி வரும் நகல்தான் கரையோரக் குப்பத்துக்குப் பொருந்தியது.

அந்த நகல் கேட்ரிட்ஜ்களில் மேக்ராஸ் அடிக்கடி இடம்பிடித்ததற்கு அதன் புகழ் காரணமில்லை. சிறியது என்பதே காரணம். ஃபாமிகாமின் தொடக்க கால ஆட்டங்கள் 40 கிலோபைட்டுக்குள் அடங்கியவை, கூடுதல் சில்லு எதுவும் கேட்காதவை. ஒரே பலகையில் பத்து ஆட்டத்தைத் திணிக்க வேண்டியவன் இப்படிப்பட்டவற்றைத்தான் தேடுவான். பல கள்ளப் பதிப்புகளில் கம்பெனியின் பெயரையும் ஆண்டையும் சுரண்டி எடுத்திருப்பார்கள். ஆக, ஒரு ராட்சத ரோபோ கதை தன் சிறுமையின் புண்ணியத்தால் வங்கக்கடல் ஓரம் வந்து சேர்ந்தது. வரும்போது கதை உதிர்ந்துவிட்டது. தழுவலை மட்டும் பார்த்தவர்கள் நாங்கள், மூலத்தின் நிழல்கூடப் படாதவர்கள். இப்படிப்பட்ட பார்வையாளருக்கு ஒரு நன்மை உண்டு: தழுவல் எதைச் சுமந்து வந்தது, எதைக் கரையில் விட்டது என்பதைப் பிற்பாடு துல்லியமாகக் கணக்குப் பார்க்கலாம்.

முதலில் உருவம். தொடரில் வால்கிரியின் ரோபோ வடிவம் பன்னிரண்டு மீட்டருக்குக் கொஞ்சம் மேல். இவ்வளவு பெரிதாக ஏன் செய்ய வேண்டும் என்ற கேள்விக்கு மேக்ராஸ் நேரான பதில் வைத்திருந்தது. எதிரிகளான ஸென்ட்ராடிகள் மனிதனைவிட ஐந்து மடங்குக்கு மேல் உயரமானவர்கள். அவர்களோடு கைகலக்க வேண்டுமானால் நமக்கும் அந்த அளவுக்கு ஓர் உடல் வேண்டும். ஆட்டத்திலோ அந்த உடல் கட்டைவிரல் அளவுதான். ஃபாமிகாமில் நகரும் உருவங்கள் எட்டுப் புள்ளி அகலமுள்ள சிறு சில்லுகளாகக் கோக்கப்படும். ஒரு கிடைக்கோட்டில் எட்டுச் சில்லுகளுக்கு மேல் காட்ட முடியாது. திரையின் அகலம் 256 புள்ளி. அதாவது நகரும் உருவங்கள் எல்லாம் சேர்ந்தே ஒரு வரியில் கால் திரையைத் தாண்ட முடியாது. ரோபோவை உண்மையிலேயே பெரிதாக வரைந்தால் எதிரிக்கும் குண்டுக்கும் இடமிருக்காது. மீறினால் உருவங்கள் மினுக்கிக் காணாமல் போகும். பெரிதாக எதையாவது காட்டியே ஆக வேண்டுமென்றால் அதைப் பின்னணியில் வரைய வேண்டும். பின்னணியோ கட்டம் கட்டமாக அச்சடித்த துணி மாதிரி, கைகால் அசைக்காது. அந்தக் கருவியில் பெரியது அசையாது, அசைவது பெரிதாகாது.

எங்களுக்கு அதில் குறை தெரியவில்லை. காரணம் வடக்கே இருந்தது. ஸ்ரீஹரிகோட்டாவின் ஏவுமேடைகள் பழவேற்காட்டிலிருந்து நேர்கோட்டில் ஏறக்குறைய 35 கிலோமீட்டர். பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டின் உயரம் 44 மீட்டர், வால்கிரியைப் போல மூன்றரை மடங்கு. கையை நீட்டி சுண்டுவிரல் நகத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், அவ்வளவு தூரத்தில் அது ஒரு மில்லிமீட்டர்கூட வராது. கண்ணுக்குத் தெரிவது அதன் நெருப்புதான். பெரிய எந்திரங்கள் தூரத்தில் புள்ளியாகத்தான் தெரியும் என்பது எங்களுக்குப் பழகிய விஷயம். அந்தப் புள்ளி பெரியது என்று எப்படித் தெரியும்? அன்றைக்கு அப்பா வீட்டில் இருப்பார். "ராக்கெட் வுடறாங்களாம், தொழில் கிடையாது" என்று முதல்நாளே சொல்லியிருப்பார்கள். ஒரு ராக்கெட்டின் எடையை எங்கள் ஊர், கரையில் ஏறி நிற்கும் படகுகளை வைத்துத்தான் நிறுத்துப் பார்த்தது.

இரண்டாவது, ரோபோவை இயக்குகிறவன் எங்கே இருக்கிறான் என்பது. 1956இல் மிட்சுதெரு யோகோயாமா தொடங்கிய டெட்சுஜின் 28 சித்திரக்கதையில் சிறுவன் வெளியே நிற்பான், கையில் ரிமோட் பெட்டி. பெட்டி எதிரி கைக்குப் போனால் ரோபோவும் எதிரியுடையது. 1972இல் கோ நகாயின் மாஸிங்கர் இஸட் அந்தச் சிறுவனை ரோபோவின் தலைக்குள் உட்கார வைத்தது. 1979இல் யோஷியுகி டோமினோவின் கண்டம் அவனுக்குப் பயத்தையும் களைப்பையும் கொடுத்தது. ஆக, கால் நூற்றாண்டில் சிறுவன் வெளியிலிருந்து உள்ளே போனான். வீடியோ கேம் அவனை மறுபடி வெளியே இழுத்துப் போட்டது, கையில் ரிமோட்டோடு. 1980களில் தூர்தர்ஷன் பார்த்தவர்களுக்கு இந்த நிலை புதிதில்லை. கைக்கடிகாரத்தில் கட்டளையிட்டு ராட்சத ரோபோவைப் பறக்கவிடும் ஜானி சாக்கோவை அவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஆள் நடித்த அந்தத் தொடரும் யோகோயாமாவின் கதைதான்.

சிலர் சிறுவனைத் திரும்ப உள்ளே அனுப்பிப் பார்த்தார்கள். ஸெவியஸ் ஆட்டத்தை உருவாக்கிய மசனோபு எண்டோ 1986இல் ஸீட்டா கண்டத்தை ஃபாமிகாமுக்குக் கொண்டுவந்தபோது, விமானியின் கண்ணால் பார்க்கிற மாதிரிக் காட்சிகளை அமைத்தார். அந்தக் கருவியின் சக்திக்கு அது பெரிய ஆசை. வேறு சிலர் அளவுப் பிரச்சினையையே தலைகீழாக்கினார்கள். 1991 ஏப்ரலில் கேம்பாய் கருவிக்கு வந்த முதல் சூப்பர் ரோபோட் வார்ஸில் கண்டம், மாஸிங்கர், கெட்டர் எல்லாம் பெருந்தலையும் குட்டைக் காலுமாக, பொங்கல் பொம்மை மாதிரி நிற்கும். விமானிகளே கிடையாது, ரோபோக்களே பேசும். கட்டம் போட்ட வரைபடத்தில் ஒரு தரப்பு நகர்ந்து முடிந்த பிறகு மற்றத் தரப்பு நகரும். இதில் ராட்சதத்தனம் துளியும் இல்லை, ஆனால் தரப்புக்கு ஒரு பாடு உண்டு. அந்த வரிசை இன்றைக்கும் உயிரோடிருக்கிறது என்பது எனக்கு வியப்பாக இல்லை. பெரிய உடலை நம்ப வைப்பதைவிடப் பெரிய கூட்டத்தை முறைப்படுத்துவது ஆட்டத்துக்கு எளிது.

மூன்றாவது கணக்குதான் என்னை உறுத்துவது. பின்னாளில் மேக்ராஸின் முதல் பகுதியைக் கணினியில் பார்த்தபோது நான் எதிர்பார்த்தது போர். வந்தது ஒரு தீவு.

கதை இப்படி: 1999இல் வானத்திலிருந்து ஒரு வேற்றுலகக் கப்பல், ஒரு கிலோமீட்டருக்கும் மேல் நீளமானது, தெற்கு அட்டாரியா என்ற தீவில் விழுகிறது. பத்து ஆண்டுகள் அதைச் செப்பனிடுகிறார்கள். தீவில் ஓர் ஊர் உருவாகிறது. 2009இல் கப்பல் கிளம்பும் விழா. கொடி, கூட்டம், சாகச விமானங்கள். அப்போது பழைய சொந்தக்காரர்கள் வைத்துவிட்டுப் போன பொறி விழித்துக்கொள்கிறது. கப்பல் தானாகவே வானத்தை நோக்கிச் சுடுகிறது. போர் தொடங்கிவிட்டது. தப்பிப்பதற்காகக் கப்பலை நிலாவுக்குப் பின்னால் தாவச் செய்கிறார்கள். கணக்குத் தப்பி, தீவும் சுற்றியுள்ள கடல்நீரும் ஊர்ச் சனமும் சேர்ந்து புளூட்டோவின் பக்கம் போய் விழுகின்றன. ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைக் கப்பலுக்குள் ஏற்றுகிறார்கள். இடிந்த கட்டிடங்களைப் பொறுக்கி உள்ளேயே தெரு அமைக்கிறார்கள். மின்மே என்ற பெண்ணின் மாமா நடத்திய சீன உணவுக்கடையும் அங்கே மறுபடி திறக்கப்படுகிறது.

அடுத்தது இன்னும் கூர்மை. அந்தத் தாவலில் கப்பலின் முக்கிய உறுப்பு ஒன்று மறைந்துவிட, பெரிய பீரங்கிக்கு மின்சாரம் போகவில்லை. கம்பிகளை இணைக்கக் கப்பலின் பாகங்களையே இடம் மாற்ற வேண்டும். அப்படி மாற்றினால் கப்பல் ஒரு பிரம்மாண்ட மனித உருவம் கொள்கிறது. ஆனால் அது நிமிரும்போது உள்ளே தெருக்கள் சாய்கின்றன, கட்டிய வீடுகள் நொறுங்குகின்றன. ஊரை மறுபடி கட்டுகிறார்கள். பல மாதம் அலைந்து பூமிக்குத் திரும்பினால், அரசாங்கம் அவர்களை இறங்க விடவில்லை. தீவுக்காரர்கள் எல்லாரும் இறந்துவிட்டதாக ஏற்கெனவே அறிவித்தாயிற்று. கணக்கில் செத்தவர்கள் கரையில் இறங்கினால் கணக்கு என்னாவது?

இதை நான் பார்த்த இடத்தை நினைத்துக்கொள்ளுங்கள். 1969இல் ராக்கெட் தளத்துக்காக ஸ்ரீஹரிகோட்டா தேர்ந்தெடுக்கப்பட்டது. 1971 அக்டோபர் 9 அன்று ரோகிணி-125 என்ற சிறு ராக்கெட் அங்கிருந்து முதன்முதலாகப் போனது. அது ஆளில்லாத காடு என்று பாடப்புத்தகம் படித்த நகரத்துப் பிள்ளைகள் நினைக்கக்கூடும். ஆனால் யானாதிப் பழங்குடியினரும் வேறு ஊர்க்காரர்களும் அங்கே வாழ்ந்தார்கள், தளத்துக்காக இடம்பெயர்க்கப்பட்டார்கள். ஏரியின் ஒரு கரை ராக்கெட்டுக்கு, தெற்கே காட்டுப்பள்ளியில் துறைமுகம், நடுவில் ஆரணியாறு கடலோடு சேரும் முகத்துவாரம் என்று எங்கள் படம் மெல்ல மெல்ல மாறியது. பெரிய எந்திரம் எழுந்து நிற்கும்போது அதன் காலடியில் யார் தெரு சாய்கிறது என்ற கேள்வி இந்தக் கரைக்குச் சொல்லித்தர வேண்டிய கேள்வி இல்லை. ஜப்பானியத் தொடர் ஒன்று அதைக் கேட்டிருக்கிறது. எங்கள் டிவிக்கு வந்த ஆட்டம் அதை மட்டும் கழித்துவிட்டு வந்தது. அதில் உருமாற்றம் இலவசம். பொத்தானைத் தட்டினால் போதும், எங்கேயும் எதுவும் நொறுங்காது.

நாம்கோவைக் குறை சொல்வது அபத்தம். 40 கிலோபைட்டுக்குள் ஊரை எங்கே வைப்பது? அன்றைய ஆட்டங்களில் பறப்பதும் சுடுவதும்தான் இலக்கணம். அதற்குள் உருமாற்றத்தை இவ்வளவு அழகாக நுழைத்ததே சாமர்த்தியம். விமானமாக ஓடி விலகுவதா, ரோபோவாக நின்று சமாளிப்பதா என்று ஒவ்வொரு நொடியும் யோசிக்க வைத்த அந்த ஒரு பொத்தான், தொடரைப் பார்க்காத எங்களுக்கும் தொடரின் இன்பத்தில் பாதியைக் கொடுத்தது. என் மனத்தாங்கல் இடம் தாராளமான பிறகு வந்தவற்றோடுதான். 2003இல் செகாவின் ஏஎம்2 குழு பிளேஸ்டேஷன் 2க்காக மறுபடி ஒரு மேக்ராஸ் செய்தது. ரோபோவுக்குக் கனம் வந்தது, முகங்களும் குரல்களும் வந்தன. ஆனாலும் ஆடுகிறவனின் இருக்கை விமானியின் இருக்கைதான். கப்பல் நிமிரும்போது சாப்பாட்டுக்கடையில் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவரின் இடத்தில் யாரும் நம்மை உட்கார வைக்கவில்லை. ராட்சத ரோபோ ஆட்டங்களில் ஊர் என்பது பெரும்பாலும் காக்க வேண்டிய அம்புக்குறி, அல்லது இடிந்தால் அழகாகத் தூசி கிளப்பும் அட்டைப்பெட்டி.

ஒன்றே ஒன்று தப்பி வந்திருந்தது. தொடரில் ஸென்ட்ராடிகளைத் தோற்கடிப்பது பீரங்கி அல்ல. பாட்டு என்றால் என்னவென்றே தெரியாத அந்தப் போர்வீரர்கள் மின்மேயின் குரலைக் கேட்டுக் குழம்பிப்போகிறார்கள். சண்டையை விட்டுவிட்டு வரத் தொடங்குகிறார்கள். மாரி ஈஜிமா பாட, கென்டாரோ ஹனேடாவின் இசையில் வந்த அந்தப் பாட்டுகளில் ஒன்று 'ஷாவ் பாய் லோங்'. அதைத் தொடரில் கேட்ட இரவு, இரண்டாவது அடியிலேயே எழுந்து உட்கார்ந்துவிட்டேன். எங்கள் கேட்ரிட்ஜில் நிற்காமல் ஓடிய மெட்டு அதுதான். சொல் இல்லை, குரல் இல்லை, பாடுகிறவள் இல்லை. அது ஒரு பாட்டு என்பதுகூடத் தெரியாமல், அந்தத் தாளத்தில் ஸென்ட்ராடிகளைச் சுட்டுத் தள்ளியிருக்கிறோம்.

தொடருக்கும் வெளிநாட்டில் இதே மாதிரி வெட்டும் ஒட்டும் நடந்தது. 1985இல் அமெரிக்காவின் ஹார்மனி கோல்டு நிறுவனம் மேக்ராஸோடு வேறு இரண்டு தொடர்களைச் சேர்த்துத் தைத்து ரோபோடெக் என்று வெளியிட்டது. உரிமைத் தகராறு ஏறக்குறைய இருபது ஆண்டுகள் இழுத்து, 2021 ஏப்ரலில்தான் உடன்பாடு அறிவிக்கப்பட்டது. வழக்குப் போட்டவர்கள் ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவதற்கு வெகுமுன்னரே, எந்த உரிமையும் இல்லாத ஒரு மஞ்சள் கேட்ரிட்ஜ் வங்கக்கடல் ஓரம் தேய்ந்து செத்துப்போயிருந்தது.

2023 ஜூலை 14 அன்று மதியம் சந்திரயான்-3 போனபோது ஏரிக்கரையில் நின்றிருந்தேன். சென்னையிலிருந்து கார்களில் வந்தவர்கள் கேமராவை வடக்கே திருப்பி வைத்திருந்தார்கள். 2.35க்கு மரங்களுக்கு மேலே ஆரஞ்சு நிறத்தில் ஒரு தணல் ஏறியது. சத்தமே இல்லை. 35 கிலோமீட்டரை ஒலி கடப்பதற்கு நூறு விநாடி ஆகும். மேகம் தணலை விழுங்கியது, கைதட்டினார்கள், சிலர் செல்போனைப் பையில் போட்டுக்கொண்டு காரை நோக்கி நடந்தார்கள். பக்கத்தில் குந்தியிருந்த பெரியவர் பீடியை அணைத்துவிட்டு, "போயிடுச்சா தம்பி?" என்று கேட்டார். போய்விட்டது என்றேன். முதல் உறுமல் ஏரியின் மேல் உருண்டு வந்து சேர்வதற்குள் அவர் படகின் கயிற்றை அவிழ்க்கத் தொடங்கியிருந்தார்.